தோணிக்காரனிடம் கேட்ட முத்திரை

ஓய்வுபெற்ற முதலாவது வருடத்திலேயே நான் மூன்று சபைகளிலிருந்து மரியாதையாகக் கழற்றிவிடப்பட்டேன். கோவில் பரிபாலன சபையில், போதிய அங்கத்தவர் வராமல் எடுத்த தீர்மானம் செல்லாது என்றேன். வாசிகசாலையில், சென்ற கூட்டத்தின் அறிக்கையை வாசித்து ஏற்காமலே தேநீருக்கு எழும்பியதை ஆட்சேபித்தேன். மரண சகாய சங்கத்தில், இறந்தவருடைய அங்கத்துவம் அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முந்தியே காலாவதியாகிவிட்டது என்பதைச் செத்தவீட்டு முற்றத்தில் வைத்தே எடுத்துச் சொன்னேன். மூன்று இடத்திலும் நான் சொன்னது சரி. "சரியாச் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் கலியாணவீடு ஒண்டுக்கும் போகாமல் இருக்கிறம்" என்பாள் மனைவி.

முப்பத்து நான்கு வருட அரச சேவையில் கடைசிப் பதினொரு வருடம் ஒரு பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தவன் நான். எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி, எந்தப் பிரதி எந்த மேசைக்கு, எத்தனை நாளில் நினைவூட்டல் கடிதம் என்பதையெல்லாம் இன்றைக்கும் நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்பதில்லை.

லண்டனில் இருக்கும் மகள் போன வருடம் ஒரு மாத விடுமுறையில் உரும்பிராய்க்கு வந்தாள். என்னைக் கொஞ்ச நாள் கவனித்துவிட்டு, திரும்பும்போது தன்னுடைய பழைய மடிக்கணினியை மேசையில் விட்டுவிட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது.

"அப்பா, உங்களுக்கு ஆக்களைத் திருத்தாமல் இருக்கேலாது. இதுக்குள்ளை ஒரு ஊர் ஆக்கள் இருக்கினம். அவையைத் திருத்துங்கோ. எங்கடை ஊரை விடுங்கோ" என்றாள்.

சுடுவதும் பாய்வதுமான விளையாட்டு அல்ல அது. ஒரு தடித்த நாவலுக்குள் நாமே ஒரு பாத்திரமாக இறங்கி நடப்பது போன்றது. வழியில் ஒருவர் நம்மிடம் ஏதாவது கேட்பார். நாம் சொல்லக்கூடிய மறுமொழிகள் மூன்றோ நான்கோ கீழே வரிசையாக நிற்கும். ஒன்றைத் தெரிவுசெய்தால் கதை அந்தப் பக்கம் திரும்பும். காரியம் கடினமானதென்றால் கணினி இரண்டு தாயக்கட்டைகளை உருட்டும். விழுவதைப் பொறுத்து வெற்றி அல்லது தோல்வி. தோற்றாலும் கதை நிற்காது. வேறு மாதிரிப் போகும்.

தொடக்கத்தில் என் பாத்திரத்துக்குப் புள்ளிகளைப் பங்கிட வேண்டியிருந்தது. உடல்வலு, நாவன்மை, சட்ட அறிவு, இரக்கம் என்று நிரல்கள். சட்ட அறிவுக்கு இருந்ததெல்லாம் கொடுத்தேன். இரக்கத்துக்குப் பூச்சியம் போடப் பார்த்தேன், விளையாட்டு சம்மதிக்கவில்லை. குறைந்தது ஒன்றாவது போட வேண்டுமாம். அதுதான் அங்கே விதி. விதியை மதித்து ஒன்று போட்டேன்.

என் பாத்திரம் ஊர் ஊராகப் போகும் ஒரு மருந்துக்காரன். ஆற்றின் இந்தக் கரையில் மதில் சூழ்ந்த ஒரு பட்டினம். அக்கரையில் காய்ச்சல் பரவிய ஒரு கிராமம். பட்டினத்து வைத்தியசாலையில் மருந்து எடுத்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே வேலை. இடையில் எத்தனையோ கிளைக்கதைகள்.

நான் விளையாடிய விதத்தை மகள் தொலைபேசியில் கேட்டு, சிரித்துச் சிரித்து இருமினாள். ஒரு கொப்பி வைத்திருந்தேன். அதில் நான்கு நிரல்: இலக்கம், தெரிவு, விளைவு, நடவடிக்கை. எந்த மறுமொழியைச் சொல்ல முதலும் கதையை அந்த இடத்தில் ஒரு பிரதி எடுத்துச் சேமித்துக்கொள்வேன். தாயக்கட்டை பிழையாக விழுந்தால் அந்தப் பிரதிக்குத் திரும்பிப் போய் மறுபடி உருட்டுவேன். குதிரை வியாபாரி ஒருத்தன் என்னை ஏமாற்றினான். திரும்பிப் போய் அவனை நான் ஏமாற்றினேன். சத்திரத்துக்காரி நான் சொன்ன ஒரு பகிடிக்குக் கோபித்துக்கொண்டாள். ஆறு தரம் திரும்பிப் போய் ஏழாம் தரம் சிரிக்க வைத்தேன்.

மனைவி பின்னேரங்களில் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, முருங்கையிலை உருவியபடி பார்ப்பாள். தொலைக்காட்சி நாடகத்தைவிட இது பரவாயில்லை என்று அவளுடைய அபிப்பிராயம். ஆனால் நான் திரும்பிப் போவது மட்டும் அவளுக்குப் பிடிக்காது.

"இஞ்சாருங்கோ, நேத்துச் செத்த கொல்லன் இண்டைக்கு இரும்படிக்கிறான். உதென்ன கதை?"

"நேற்று நான் பிழையான மறுமொழி சொல்லிப் போட்டன். இப்ப திருத்தியிருக்கு."

"அப்ப நேத்து நான் அவனுக்காகக் கவலைப்பட்டது?"

"அது தள்ளுபடி."

"நல்ல தள்ளுபடி. களவு விளையாட்டு விளையாடிக்கொண்டு சட்டம் கதைக்கிறியள்."

சேமித்த பிரதிகள் நூறைத் தாண்டியபோது, ஒழுங்கான உத்தியோகத்தன் எதைச் செய்வானோ அதைச் செய்தேன். அலுவலகத்தில் கடதாசிக் கோவைகளை எத்தனை வருடம் வைத்திருப்பது, பிறகு எப்படிப் பட்டியலிட்டு அழிப்பது என்பதற்கு ஒழுங்கு இருந்தது. அதே ஒழுங்கை இங்கும் கொண்டுவந்தேன். பத்து நாளுக்கு முந்திய பிரதிகளைக் கொப்பியில் குறித்து, கையெழுத்திட்டு, அழித்தேன். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கைப்பழக்கம்.

இந்தக் கதையில் ஒரு தோணிக்காரன் வந்தான். வந்தது சின்ன வேடம் என்று நினைத்தேன். முதல் நாள் மழையில் என்னை ஆற்றின் இக்கரையில் இறக்கியவன் அவன்தான். இறக்கி, தன் குடிசைக்குக் கூட்டிப்போய் மீன் சுட்டுத் தந்தான். அடுத்த நாள் பட்டினத்து வாசலில் காவலர்கள் அவனை மறித்து வைத்திருந்தார்கள். அவன் இந்த இடத்து ஆள் என்பதற்கு முத்திரை இல்லையாம். அந்த வழியால் போன என்னைக் கண்டதும், "ஐயா, என்னை உங்களுக்குத் தெரியும். சொல்லுங்கள்" என்றான். எனக்குக் கீழே மூன்று மறுமொழிகள் வந்தன. இவனை எனக்குத் தெரியும். இவன் யாரென்று தெரியாது. மூன்றாவது, சட்ட அறிவு நிறைந்தவர்களுக்கு மட்டும் தோன்றும் விசேட மறுமொழி: வதிவிட விதியின்படி முத்திரையைக் காட்டு.

எனக்கென்றே எழுதிவைத்த மறுமொழி. சொன்னேன். தாயக்கட்டை உருண்டது. பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று வந்தது. காவலர் தலைவன் எனக்கு வணக்கம் வைத்து வாசலைத் திறந்துவிட்டான். தோணிக்காரன் திரும்பி நடந்தான். நானும் கொப்பியில் விளைவு என்ற நிரலில் 'திருப்தி' என்று எழுதிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு வழியாக மருந்துப் பொதி கைக்கு வர, ஆற்றங்கரைக்கு வந்தேன். தோணி இல்லை. குடிசை இருந்தது, அடுப்புக்குள் புல் முளைத்திருந்தது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கேட்டால், "அவன் போய்விட்டான். இந்தத் துறையில் வேறு தோணி இல்லை" என்றாள். அவ்வளவுதான். சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. யாரும் என்னைக் குற்றஞ்சாட்டவில்லை.

திரும்பிப் போகலாம் என்று பிரதிகளைத் தேடினேன். வாசலுக்கு முந்திய பிரதிகள் எல்லாவற்றையும் நானே பட்டியலிட்டு, கையெழுத்திட்டு, அழித்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னேன்.

"அப்ப நடந்து போங்கோ அப்பா. மலைப் பாதை ஒண்டு இருக்கு. தூரம். ஆனால் போகலாம்."

"அங்கை காய்ச்சல்காரர் இருக்கினமெல்லோ. பிந்திப் போய்ச் சேர்ந்தால்?"

"பிந்தினால் பிந்தினதுதான். அதோடைதான் கதை போகும். எல்லாத்தையும் சரியா விளையாடினால் இந்த விளையாட்டிலை பாதி உங்களுக்குத் தெரியவே வராது."

"முதலிலை இருந்து துவங்கினால்?"

"துவங்கலாம். துவங்கினாலும் நீங்கள் உதைத்தான் செய்வியள்" என்றாள். லண்டனுக்குப் போனபிறகு வளர்ந்த வாய்.

மனைவி முருங்கையிலைச் சுளகை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு, கோபமில்லாமல், அரிசி முடிந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள்:

"உங்கடை சிநேகிதருக்குச் செய்ததைத்தானே உந்தத் தோணிக்காரனுக்கும் செய்திருக்கிறியள்."

"நீர் சும்மா இரும்" என்றேன். கணினியை மூடினேன். அதன் பிறகு ஒரு கிழமை திறக்கவில்லை.

சிநேகிதன் யாழ்ப்பாண நகரத்தில் பிறந்த முஸ்லிம். ஆறாம் வகுப்பில் இருந்து ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவர்கள். அவர்கள் வீடு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும் தூரம். எனக்கோ உரும்பிராய்க்கு பஸ் பிடிக்க வேண்டும். ஆகையால் பந்தடித்துவிட்டு அவன் வீட்டுக் கிணற்றில் குளித்து, அவன் உம்மா போடும் சோற்றைத் தின்று, அதன் பிறகே நான் வீட்டுக்குப் போவேன். பெருநாளைக்கு வட்டிலப்பம். அந்த வீட்டில் கிணறு எந்தப் பக்கம், எந்த யன்னலின் கொளுக்கி கழன்றது, எந்த ஓட்டால் மழை ஒழுகும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

தொண்ணூறாம் ஆண்டு, நகரத்து முஸ்லிம்களை இயக்கம் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்ன நாளில், நான் அலுவலகத்தில் இருந்தேன். வரவுப் பதிவேட்டில் பிந்தி வந்தவர்களின் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் செய்தி வந்த பிறகும் கோடு போட்டு முடித்துவிட்டே எழும்பினேன். எழும்பி எங்கே போனேன் என்று கேட்காதீர்கள், வீட்டுக்குப் போனேன்.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம், அவன் புத்தளத்திலிருந்து வந்தான். இருபது வருட அகதி வாழ்க்கைக்குப் பிறகு, தன் காணியில் வீடு கட்ட உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்க வந்தான். வந்தது என் மேசைக்கு. காணி உறுதி சரியாக இருந்தது. பிறப்புச் சான்றிதழ் சரி. விண்ணப்பதாரர் தற்போது அந்தக் காணியில் வசிக்கிறார் என்ற வதிவிடச் சான்று மட்டும் இல்லை. எப்படி இருக்கும்? வீடு கூரையில்லாமல் கிடந்தது. வசித்தால்தான் சான்று, சான்று இருந்தால்தான் வீடு, வீடு இருந்தால்தான் வசிக்கலாம். அவனுடைய பதிவு புத்தளத்தில் இருந்தது. அதை வெட்டினால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை.

இந்த வளையத்தை வெட்ட அந்தப் படிவத்திலேயே ஒரு நிரல் இருந்தது. கடைசிப் பக்கத்தில், சின்ன எழுத்தில்: விண்ணப்பதாரரையும் அவரது முன்னைய வதிவிடத்தையும் நேரில் அறிந்த உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல். அந்த நிரலை நான் அறிவேன். அலுவலகத்தில் வேறு எவருக்கும் அது தெரியாது. படிவத்தைக் கடைசிவரை வாசிப்பவன் நான் ஒருவன்தான்.

நான் அதில் ஒப்பமிடவில்லை. சுற்றிவர ஏழு மேசை. சிநேகிதனுக்குச் செய்தான் என்று ஒருவராவது மனு எழுதுவார் என்று பயந்தேன். பதவியுயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த வருடம் அது. அவன் "மச்சான்" என்று தொடங்கியபோது நான் கோவையைப் பார்த்தபடி, "ஐயா, வதிவிடச் சான்று இணைக்கப்படேல்லை. கிராம சேவையாளரிட்டை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். அறிந்துகொண்டே அறியாதவன் போல. அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். பிறகு கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, பையில் வைத்துக்கொண்டு போனான். திரும்பி வரவில்லை.

பதவியுயர்வு கிடைக்கவில்லை. இதை நீதி என்று சொல்ல வரவில்லை. பட்டியலில் என்னைவிடச் சேவைமூப்பு உள்ளவர் இருந்தார்.

இப்போது ஓய்வூதியத்துக்காக, நான் உயிரோடிருக்கிறேன் என்று வருடந்தோறும் கிராம சேவையாளரிடம் ஒப்பம் எடுக்கிறேன். அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அடையாள அட்டையைத்தான் பார்க்கிறார். குறைசொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

கணினியை மூடிவைத்த அந்தக் கிழமையில்தான் பழைய வகுப்புத் தோழர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தார். "உவன் அங்கை வந்து நிக்கிறான். காணியை விக்கிறானாம். வெள்ளிக்கிழமை உறுதி எழுத்து. ஜும்மா முடியப் புத்தளம் போனால் இனி வரமாட்டன் எண்டு சொல்லுறான்" என்றார். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை முழுவதும் நான் ஒரு வேலை செய்தேன். பழைய உத்தியோகத்தர்களிடம் விசாரித்து, இப்போது நடைமுறையிலுள்ள வீட்டுத் திட்டத்தின் படிவத்தை எடுத்து, அவனுக்காக நானே நிரப்பினேன். இணைப்புகளுக்கு இலக்கமிட்டேன். இம்முறை கடைசிப் பக்கத்து நிரலில், உத்தியோகத்தன் என்று அல்லாமல், 'விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவர்' என்ற இடத்தில் பேனாவை அழுத்தி ஒப்பமிட்டேன். நீலக் கோவை ஒன்றில் போட்டுக் கட்டினேன். மனைவி வாசலில் நின்று பார்த்தாள்.

"மன்னிப்புக் கேக்கப் போறியளோ, விண்ணப்பம் குடுக்கப் போறியளோ?"

"ரெண்டும்."

"ஒண்டைச் செய்தாலே பெரிய விசயம்."

கொப்பியில் சொல்ல வேண்டியதை மூன்று விதமாக எழுதி வைத்திருந்தேன். வியாழக்கிழமை காலையில் பஸ்ஸில் இருந்தபடி மூன்றையும் பாடமாக்கினேன்.

காணியில் அவன் கத்தியும் கையுமாகக் கொடிகளை வெட்டிக்கொண்டு நின்றான். தாடி முழுக்க நரைத்து, ஒரு முழங்காலைச் சாய்த்து நின்றான். குசினி இருந்த இடத்தில் வேப்பமரம். சுவர்கள் இடுப்பளவு. என்னைக் கண்டு கத்தியைக் கீழே வைக்கவில்லை.

"அட, ஐயா! வாங்கோ. இருக்கச் சொல்ல வீடில்லை. கோவையிலை கிடக்கும், உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"மச்சான்..."

"ஆர் மச்சான்? நான் விண்ணப்பதாரர்."

மூன்று மறுமொழியில் ஒன்றாவது வாய்க்கு வந்திருக்கலாம். வந்தது நாலாவது.

"அந்த நேரம் சுற்றறிக்கையிலை வதிவிடம் கட்டாயம் எண்டுதான் இருந்தது. திருத்தம் பிறகுதான் வந்தது" என்றேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் குரல் எனக்குக் கேட்டது. ஏழு மேசைக்கு நடுவில் இருந்து பேசுவது போல. திரும்பிப் போய் முதல் வசனத்தில் இருந்து தொடங்க மனம் அடித்துக்கொண்டது. வேப்பமரத்துக்குக் கீழே அதற்கு வழியில்லை.

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பல்ல. "பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு சுற்றறிக்கையோ? நான் நினைச்சன் மன்னிப்புக் கேக்க வந்தனியெண்டு."

"அதுக்குத்தான் வந்தனான்."

"அப்ப அதைக் கேளன்ரா."

"மன்னிச்சுக்கொள்ளடா" என்றேன்.

அவன் கிணற்றுக்கட்டில் ஏறியிருந்த ஒரு கொடியை வேரோடு இழுத்து எறிந்தான். அந்த இடத்தில் நான் விடைபெற்றிருப்பேன், பழைய நான். கால் திரும்பப் பார்த்தது. நின்றேன். நின்றதைத் தவிர அன்று நான் சரியாகச் செய்தது வேறில்லை.

"கையிலை என்ன?"

கோவையைக் கொடுத்தேன். கத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, கிணற்றுக்கட்டில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்தான். "நல்ல எழுத்து. உனக்கு அப்பவும் நல்ல எழுத்துத்தான். உன்ரை கொப்பியைப் பாத்துத்தானே நான் பூமிசாத்திரம் எழுதினனான்." கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினான். என் ஒப்பத்தின் மேல் விரலை வைத்தான்.

"இதையோ அண்டைக்குப் போட ஏலாமல் போனது?"

"ஓம்."

"சின்னக் கையெழுத்துத்தான்."

அவன் விரலை எடுத்தான்.

"மச்சான், எனக்கு இனி வீடு வேண்டாம்" என்றான். என் மேசைக்கு முன் சொன்ன அந்தச் சொல்லை இரண்டாம் தரம் அவனாகவே சொன்னான் என்பதைக் கவனித்தேன். "பிள்ளையள் புத்தளத்திலை காலூண்டிட்டினம். பேரப்பிள்ளையளுக்கு யாழ்ப்பாணம் எண்டால் நான் சொல்லுற கதை. வரோணும் வரோணும் எண்டு நிண்டது என்ரை மனுசிதான். இந்தக் கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி போடோணும் எண்டு சொல்லிச் சொல்லியே இருந்தவ. ஆறு வருசமாச்சு, மௌத்தாகி. இப்ப வீட்டைக் கட்டி ஆர் இருக்கிறது? நீ வந்து இருக்கிறியோ?"

கோவையை மூடி, நாடாவை நான் கட்டிய மாதிரியே கட்டி, என்னிடம் தந்தான்.

"ஆனால் ஒண்டு. நாளைக்குக் காலமை நொத்தாரிசிட்டை எழுத்து. ரெண்டு சாட்சி வேணும். ஒண்டு என்ரை மருமகன். மற்றது, என்னைக் கனகாலமாத் தெரிஞ்ச ஆள் வேணுமாம். இந்த ஊரிலை என்னைத் தெரிஞ்ச ஆக்கள் இப்ப மிச்சமில்லை. நீ வந்து, இவனை எனக்குத் தெரியும் எண்டு சொல்லுவியோ?"

"வாறன்" என்றேன்.

"இணைப்பு ஒண்டும் வேண்டாம். அடையாள அட்டை மட்டும் கொண்டா."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு நொத்தாரிசின் சின்ன அறையில் ஐந்து பேர் இருந்தோம். வாங்குபவர் அதே தெருவில் கடை வைத்திருப்பவர். முதலில் திரும்பி வந்து எப்படியோ காலூன்றியவர்களில் ஒருவர். நொத்தாரிசு உறுதியை வாசித்தார். எல்லைகளைச் சொன்னார். பிறகு, "அதிலுள்ள கல்வீடு, தாழ்வாரம், கிணறு, பயன்தரு மரங்கள் யாவும்" என்று வாசித்தார். பழைய உறுதியில் இருந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். கடதாசியில் அந்த வீடு ஓட்டோடும் யன்னலோடும் நின்றது. கொளுக்கி கழன்ற யன்னல். திருத்தச் சொல்லலாம். சொத்து விபரம் இப்போதைய நிலைக்கு ஒத்துப்போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். மூடினேன். என் வாழ்நாளில் ஒரு பிழையைப் பிழை என்று தெரிந்து வாயை மூடியது அதுதான் முதல்தரம்.

நொத்தாரிசு என் பக்கம் திரும்பினார். "இவரை உங்களுக்கு நேரிலை தெரியுமோ?"

"தெரியும்."

"எவ்வளவு காலமா?"

"ஐம்பத்தாறு வருசம்."

சிநேகிதன் உறுதியைப் பார்த்தபடியே சொன்னான்: "அதிலை ஒரு நாளைக் கழிச்சுப் போடுங்கோ ஐயா."

நொத்தாரிசு பகிடி என்று நினைத்துச் சிரித்தார். மருமகன் சிரிக்கவில்லை. நான் பேனாவை எடுத்து ஒப்பமிட்டேன். கைப்பழக்கத்தில் கீழே பதவியை எழுதத் தொடங்கிவிட்டேன். "அது தேவையில்லை ஐயா, பேரும் விலாசமும் போதும்" என்றார் நொத்தாரிசு. எழுதிய இரண்டு எழுத்தை வெட்டி, வெட்டிய இடத்தில் சிறு ஒப்பமும் வைத்தேன். சின்னக் கையெழுத்துத்தான். அது எதற்கு உதவியது? அவன் இந்த ஊரிலிருந்து கடைசியாகப் போவதற்கு உதவியது.

வெளியில் வந்ததும் ஒரு தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்தோம். பூமிசாத்திர வாத்தியாரைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தோம். அவருடைய குடையைப் பற்றியும் கதைத்தோம். வீட்டுக் கதையை இருவரும் எடுக்கவில்லை. பள்ளிவாசல் பக்கம் திரும்பும் சந்தியில் அவன் என் தோளில் கையை வைத்தான், எடுத்தான். எங்கள் பக்கத்தில் யாரும் புறப்படும்போது 'போட்டு வாறன்' என்றுதான் சொல்வார்கள். வராவிட்டாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"சரி, போறன்" என்றான்.

நான் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றேன். நீலக் கோவை என் கையிலேயே இருந்தது. அவனுடைய பழைய விண்ணப்பம் இப்போது எங்கே இருக்கும் என்று யோசித்தேன். யோசிக்கத் தேவையில்லை, ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம், அழிக்க வேண்டிய கோவைகளின் பட்டியலில் கையெழுத்திட்டவன் நான். இலக்கங்களை மட்டும் பார்த்துக் கையெழுத்திட்டேன்.

அன்று பின்னேரம் கணினியைத் திறந்தேன். மருந்துக்காரன் நான் விட்ட இடத்திலேயே, தோணியில்லாத ஆற்றங்கரையில், பொதியோடு நின்றான். மகள் சொன்ன மலைப் பாதையைத் தேடிப் பிடித்தேன். காய்ச்சல்காரர் சிலருக்கு மருந்து பிந்தித்தான் போகும். பணிகளின் பட்டியலில் 'தோணிக்காரன்' என்று ஒரு வரி நிற்கிறது. அதற்கு நேரே 'தோல்வி' என்று இருக்கிறது. நான் வெற்றி என்று நினைத்ததை அது எந்த நாளில் மாற்றி எழுதியதோ தெரியாது. அழிக்க வழியில்லை. கொப்பியில் அதைப் பார்த்து எழுதினேன். இலக்கம், தெரிவு, விளைவு. நடவடிக்கை என்ற நிரலில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

மனைவி ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

"தோணிக்காரன் வந்தவனோ?"

"இல்லை."

"அப்ப நடந்தே போறியள்?"

"ஓம்."

"எவ்வளவு தூரம்?"

"ஏழு நாள் எண்டு போட்டிருக்கு."

திரையில் மருந்துக்காரன் பொதியைத் தோளில் மாற்றிக்கொண்டு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தான்.

"காலமையும் நீங்கள் ஒண்டும் சாப்பிடேல்லை. எழும்பி வந்து சாப்பிட்டிட்டு நடவுங்கோ" என்றாள்.